லொறியில் ஏறும் இரும்பு மலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வட்ட இயக்கம் பாடம் வரும்போதெல்லாம் என் போனில் உள்ள ஒரு வீடியோவைக் காட்டுவேன். ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மியூனிச் நகரின் ஒக்டோபர் விழாவில் எடுத்தது. ஐந்து வளையங்களை அடுத்தடுத்துச் சுற்றி வரும் ‘ஒலிம்பியா லூப்பிங்’ என்ற ரோலர் கோஸ்டர் அது. விழா முடிந்ததும் கழற்றி லொறியில் ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டு மேசன் மாமாவும் கேட்கிறார். கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். அதனால் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டுவிட்டேன்.

சேர், ரோலர் கோஸ்டர் எண்டா நம்மட கானிவல்ல வாற டிராகன் ரெயின்தானே?

ஒரே குடும்பம், ஆனால் வேறு பிள்ளை. டிராகன் ரெயினில் பெரும்பாலும் மோட்டர் ரெயினிலேயே இருக்கும். அது தள்ளிக்கொண்டே இருப்பதால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். உண்மையான ரோலர் கோஸ்டர் ரெயினில் எஞ்சின் கிடையாது. ஒரு முறை உயரத்துக்கு இழுத்து விடுவார்கள், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

எஞ்சின் இல்லாம அஞ்சு வளையமும் சுத்துறதுக்குச் சக்தி எங்கால வருது?

ஏற்றத்தில் சேர்த்துவைத்த அழுத்த சக்திதான், அதாவது உயரத்தில் இருப்பதால் கிடைக்கும் சக்திதான் முதலீடு. இறங்கும்போது அது இயக்க சக்தியாகிறது, அடுத்த ஏற்றத்தில் மறுபடி அழுத்த சக்தியாகிறது. நடுவில் உராய்வும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் முதல் மேட்டைவிட உயரமான இன்னொரு மேடு பிறகு வரவே முடியாது. வளையங்களும் போகப் போகச் சிறுக்க வேண்டியதுதான்.

ஒலிம்பியாவின் முதல் மேடு 32.5 மீற்றர். மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்ச வீடு ஏறத்தாழ 28 மீற்றர். அதன் தலைக்கு மேல் மாடியில்லாத ஒரு வீட்டை வைத்த உயரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே முதலீட்டில் 1,250 மீற்றர் தடத்தை ஓடி முடிக்கிறது.

இத முதல்ல ஆரு செஞ்ச?

ஒருவர் என்று சொல்ல முடியாது. 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில், மரத்தால் சாரம் கட்டி அதில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுச் சறுக்கினார்கள். 1817இல் பாரிசில் அதற்குச் சில்லு பூட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் இன்றும் இதை ‘ரஷ்ய மலை’ என்கிறார்கள். ரஷ்யர்களைக் கேட்டால் ‘அமெரிக்க மலை’ என்பார்கள்! அந்த அமெரிக்காவில் 1884இல் லாமார்க்கஸ் தொம்ப்சன் என்பவர் கோனி ஐலண்ட் கடற்கரையில் ஒன்றைக் கட்டி, ஆளுக்கு 5 சதம் வாங்கினார். வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர்தான். நம் ஊர்ச் சைக்கிள் அதை முந்தும்.

மரத்திலிருந்து இரும்புக்கு வந்த திருப்பம் 1959. டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹோர்ன் சவாரியில் முதன்முறையாக உருக்குக் குழாயைத் தண்டவாளமாகப் போட்டார்கள். பலகையை அடுக்கி அடுக்கித்தான் வளைக்கலாம். குழாயை எந்தப் பக்கமும் முறுக்கலாம். குழாய்த் தடம் வந்தபிறகுதான் ஆளைத் தலைகீழாக்கும் ஆசை மறுபடி உயிர் பெற்றது.

தலைகீழா நிக்கக்குள்ள ஏன் விழல்ல? பெல்ட் இரிக்கிறதாலயா?

பெல்ட் காரணம் இல்லை. ஒலிம்பியாவில் தோளை அமுக்கும் கம்பிகூடக் கிடையாது, மடிக்கு மேலே ஒரு கம்பி மட்டும்தான். கிணற்று வாளியில் பாதித் தண்ணீர் விட்டுக் கையால் வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் கொட்டாது, சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். வாளி திரும்பிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நேரே போகப் பார்க்கிறது, அதனால் வாளியின் அடியில் அழுந்துகிறது. வளையத்தின் உச்சியிலும் போதிய வேகம் இருந்தால் நாம் ஆசனத்தில் அழுந்தித்தான் இருப்போம்.

ரெயின் தடத்தை விட்டுக் கழராமல் இருப்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு பெட்டியும் மூன்று வகைச் சில்லுகளால் தண்டவாளக் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும்: மேலே ஓடுவது, பக்கத்தில் உரசுவது, அடியிலிருந்து பிடிப்பது. அந்த அடிச் சில்லுக்கு ஜோன் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை எடுத்தார். அது இல்லாத காலத்தில் மேட்டில் வேகமாக ஏறினால் பெட்டி துள்ளிவிடும் என்று பயந்து பயந்தே தடம் கட்டினார்கள்.

வளையம் எண்டா வட்டம்தானே சேர், வீடியோல ஏன் நீட்டமா, மேல ஒடுங்கித் தெரியுது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இதற்காகத்தான் வீடியோவையே காட்டுகிறேன்.

முழு வட்டமாகவும் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1895இல் கோனி ஐலண்டில் ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்று ஒன்று, சுமார் 7.6 மீற்றர் விட்டம். அதில் ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நம் எடையின் 12 மடங்கு வரை அமுக்கியதாகச் சொல்லப்படுகிறது. ஏன் அப்படி? கணக்குப் போட்டுப் பாருங்கள்: உராய்வை விட்டுவிட்டால், முழு வட்டத்தில் அடியில் உணரும் எடைக்கும் உச்சியில் உணரும் எடைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் நம் சொந்த எடையின் 6 மடங்கு. உச்சியில் மிதக்கிற மாதிரி, அதாவது பூச்சியம் என்று வைத்தாலும் அடியில் 6 மடங்கு வந்தே தீரும். வட்டத்தைப் பெரிதாக்கினாலும் மாறாது, ஏனென்றால் ஆரை விடையிலிருந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். பிள்ளைகள் இதை நம்பாமல் இரண்டு தரம் செய்து பார்ப்பார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நேர்த்தடத்திலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்தக் கணத்தில் அமுக்கம் திடீரென்று முழுதாக வந்து விழும். கல்லடிப் பாலம் இறங்கித் திரும்பும்போது ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டுவோமா? மெல்ல மெல்லத்தானே சுற்றுவோம். ஒரே வேகத்தில் போய்க்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே வந்தால் வாகனம் கீறும் கோட்டுக்குப் பெயர் கிளோதொயிட். வீதி போடுபவர்களும் ரெயில் பாதை போடுபவர்களும் பழகிய வளைவு அது. அதை நிமிர்த்தி நிறுத்தினால் அடியில் ஆரை பெரிது, உச்சியில் ஆரை சிறிது. வேகம் கூடிய இடத்தில் மெல்லத் திருப்புகிறது, வேகம் குறைந்த உச்சியில் சட்டென்று திருப்புகிறது. நீங்கள் பார்த்த ஒடுக்கம் அதுதான். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ‘ரெவலூஷன்’ என்ற சவாரியில் இந்த வளையத்தைப் போட்டார்கள். கழுத்து தப்பியது.

அத ஆரு போட்ட? அவர்தானா ஒலிம்பியாவையும் செஞ்ச?

ஆம், ஒரே சோடி. அன்ரன் சுவார்ஸ்கோப் (1924–2001) பவேரியாவின் முன்ஸ்டர்ஹவுசன் என்ற சிற்றூர்க்காரர். கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல் என்ற பொறியியலாளர். சுவார்ஸ்கோப்புக்குச் சவாரிக்காரக் குடும்பங்களின் பிழைப்பு நன்றாகத் தெரியும். பூங்காவில் நிரந்தரமாக நிற்பதைவிட ஊர் ஊராகப் போவதற்குச் செய்வதில்தான் அவர் கைதேர்ந்தவர். 1984இல் மூன்று வளையம், 1986இல் நான்கு வளையம் (‘திரில்லர்’), 1989இல் ஐந்து வளையம் என்று ஏறிக்கொண்டே போனார்கள்.

இதில் ஒரு சோகம் இருக்கிறது. 1983இலேயே அவருடைய கம்பனி வங்குரோத்தாகிவிட்டது. வரைந்தவர் அவர், கட்டியது வேறு நிறுவனம். ஒலிம்பியாவைக் கட்டியது பி.எச்.எஸ். என்ற பவேரியத் தொழிற்சாலை. பார்த் என்ற சவாரிக்காரக் குடும்பத்துக்காகச் செய்து, 1989இல் ஒக்டோபர் விழாவில் முதன்முதலாக ஓடவிட்டார்கள். ஐந்து வளையங்களையும் ஒலிம்பிக் வளையங்களின் நிறத்தில் நிறுத்தினார்கள். லண்டன் ஹைட் பார்க்கின் குளிர்கால விழாவுக்கும் போய் ‘மியூனிச் லூப்பிங்’ என்ற பெயரில் ஓடியிருக்கிறது.

அத ஏத்த எத்தின லொறி போகும் தம்பி?

காத்தான்குடியில் லொறி ஓட்டும் நானா ஒருவரின் கேள்வி. மகனைக் கூட்டிப்போக வந்தவர் வீடியோவை என்னிலும் கவனமாகப் பார்த்தார். மொத்தப் பாரம் ஏறத்தாழ 900 தொன். லொறிக்கு 20 தொன் என்று வைத்தால் 45 லோட். ஆனால் அவருக்கே தெரியும், இப்படியான சாமானில் பாரத்துக்கு முன் இடம்தான் முடியும். வளைந்த தண்டவாளம் வாழைக்குலை மாதிரி, ஒன்றோடொன்று சேர்த்து அடுக்க முடியாது.

அதனால்தான் இதன் வடிவமைப்பே லொறியிலிருந்து தொடங்குகிறது. ஒரு துண்டும் லொறித் தட்டின் நீளத்தையும் வீதி அனுமதிக்கும் அகலத்தையும் தாண்டக்கூடாது. வளையத்தைக்கூட அந்த அளவுக்கு வெட்டித்தான் செய்வார்கள். பொருத்துவதற்கு நூற்றுக்கணக்கான போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தால் விழாவே முடிந்துவிடும். ஆகவே முடிந்த இடமெல்லாம் தடித்த இரும்பு முளையைச் செருகி, அது கழராமல் பூட்டுக் கம்பி போடுவார்கள். எந்தத் துண்டு முதலில் நிமிர வேண்டுமோ அது கடைசியாக ஏறும். கலியாண வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றுபவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

அத்திவாரம் போடாம 900 தொன்ன நிப்பாட்டினா சாயாதா?

இது மேசன் மாமா. மியூனிச் திடலைத் தோண்டிக் கொங்கிரீட் போட்டால் அடுத்த வருடம் அங்கே வேறு எதையும் வைக்க முடியாது. எனவே நிலத்தின்மேல் முதலில் ஒரு உருக்குச் சட்டம் விரிக்கிறார்கள். எல்லாத் தூண்களும் அந்தச் சட்டத்தில்தான் நிற்கும். ரெயின் வளையத்துக்குள் புகும்போது ஒரு தூணை முன்னுக்குத் தள்ளும், வெளியேறும்போது இன்னொன்றைப் பின்னுக்குத் தள்ளும். தூண்கள் தனித்தனியாக நின்றால் ஒவ்வொன்றாக நகரும். ஒரே சட்டத்தில் பூட்டியிருப்பதால் இந்தத் தள்ளல்கள் சட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிலத்துக்குப் போவது கீழ்நோக்கிய பாரம் மட்டும் என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். கட்டில் சட்டம் மாதிரி. கால்களைத் தனியே நிறுத்தினால் விழும், சட்டம் போட்டால் நாலு பேர் ஏறிக் குதிக்கலாம்.

சட்டத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் என்ன? மரக்கட்டை! திடலின் பள்ளம் மேட்டுக்குத் தக்கபடி அடுக்கி, மட்டம் பார்த்து ஏற்றுவார்கள். கட்டை பாரத்தைப் பரப்பும், கொஞ்சம் அமுங்கியும் கொடுக்கும். மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். மாமாங்கேஸ்வரர் திருவிழாவுக்கு வரும் ராட்டினத்துக்குக் கீழேயும் அதே கட்டைதானே. சரிதான், வித்தை ஒன்றேதான். சொந்தப் பாரம் போதாத சவாரிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் உண்டு: ‘ரூ டி பாரி’ என்ற 60 மீற்றர் நடமாடும் ராட்டினத்துக்கு 40,000 லீற்றர் தண்ணீர்தான் பாரக்கல்.

ஒரே தடத்துல ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ரெயின் விடுறாங்களே, மோதாதா?

ஒரு ரெயினில் 7 பெட்டி, 28 பேர். விழா நாட்களில் ஒன்று இறங்க ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும். தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரெயின்தான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ரெயினை முற்றாக நிறுத்தக்கூடிய ஏதோ ஒன்று இருக்கும், பிரேக் அல்லது ஏற்றம். முன்னால் உள்ள பகுதி காலியாகவில்லை என்று சென்சர் சொன்னால் பின்னால் வருவதை அங்கேயே பிடித்துவிடும். பகுதிகளின் எண்ணிக்கை ரெயின்களைவிட ஒன்றாவது கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் நகர முடியாது. மட்டக்களப்பு ரெயில் பாதையிலும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை இதே விதிதான்.

கரண்ட் போனா வளையத்துல தலைகீழாத் தொங்குவமா?

மாட்டீர்கள். மேலே சொன்னபடி இறங்கத் தொடங்கிய ரெயினுக்குக் கரண்ட் தேவையே இல்லை, அது தன் பாட்டில் சுற்றி அடுத்த பிரேக் வரை வந்துவிடும். பிரேக்குகளைத் திறப்பதற்குத்தான் சக்தி வேண்டும், சக்தி போனால் தானாக இறுக்கும். ஏற்றத்தில் நின்றால் பின்னுக்கு உருளாமல் பற்கள் தடுக்கும். சங்கிலி ஏற்றங்களில் கேட்கும் ‘டக் டக்’ அந்தப் பற்களின் சத்தம்தான். எப்போதாவது வேகம் போதாமல் ரெயின் ஒரு பள்ளத்தில் ஆடி அடங்கி நிற்பதுண்டு. அப்போதும் அது நிற்பது தாழ்வான இடத்தில், தலை மேலே இருக்கிறபடிதான்.

இன்டர்நெட்ல மணிக்கு 100 கிலோமீற்றர் எண்டு போட்டிரிக்கே, உண்மையா?

இரண்டாவது பதிலில் உள்ள உயரத்தை எடுங்கள். உராய்வே இல்லை, நிலம் வரை இறங்குகிறது என்று வைத்தாலும் வேகத்தின் வர்க்கம் 2 × 9.81 × 32.5. செக்கனுக்கு 25.25 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீற்றர். உண்மையில் இதைவிடக் குறையத்தான் வரும். விளம்பரத்துக்கு நூறு அழகான எண்.

நம்மை மிரட்டுவது வேகம் இல்லை, அமுக்கம். ஒலிம்பியாவில் அது 5.2 மடங்கு வரை போகும். 60 கிலோ ஆள் ஒரு கணம் 312 கிலோ ஆகிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு பேர் மடியில் ஏறி இறங்கின மாதிரி.

ஆள் கூடினா வேகம் கூடுமா? திணிவு வெட்டுப்பட்டுப் போகுமே?

தாளில் வேகக் கணக்குப் போட்டால் திணிவு வெட்டுப்படும். காற்று வெட்டுப்படாது. நிறைந்த ரெயினையும் வெறும் ரெயினையும் காற்று ஏறத்தாழ ஒரே அளவில்தான் தடுக்கும், ஆனால் திணிவு கூடியதன் ஆர்முடுகலை அது குறைவாகவே கெடுக்கும். ஆகவே நிறைந்த ரெயின் கொஞ்சம் வேகமாக ஓடும். காலையில் முதல் ஓட்டங்கள் மந்தமாக இருப்பதும் உண்மைதான்: சில்லும் கிறீசும் சூடாக வேண்டும். அதனால் ஆள் ஏற்றுமுன் வெறும் ரெயினை ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு ஊரிலயும் புதுசா பூட்டினா, சரியாப் பூட்டியிரிக்கெண்டு ஆரு பார்க்கிற?

ஜேர்மனியில் இப்படிப்பட்டவற்றுக்குச் சட்டத்தில் ‘பறக்கும் கட்டடம்’ என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடப் புத்தகம் உண்டு. வரைபடம், கணக்கு, பரிசோதனை முடிவு, திருத்தம் எல்லாம் அதில். சவாரி எங்கே போனாலும் புத்தகமும் கூடப் போகும். புதிய இடத்தில் பூட்டி முடிந்ததும் அதிகாரி வந்து அந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் சனத்தை ஏற்றலாம்.

இந்தப் புத்தகத்தை நான் ஐந்து வளையத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன். மேலே சொன்ன 1984இன் மூன்று வளையச் சவாரியின் கதையைப் பாருங்கள். கைமாறிக் கைமாறி மலேசியா, இங்கிலாந்து, கடைசியில் மெக்சிக்கோ நகரத்தின் ஒரு பூங்கா. 2019 செப்டெம்பர் 28இல் கடைசிப் பெட்டி தடம் புரண்டு 2 பேர் இறந்தார்கள். பராமரிப்புக் குறையே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஸ்டெங்கலின் கணக்கில் பிழை இல்லை.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கானிவலில், ஊஞ்சல் கப்பலின் அச்சில் பூட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வேலி கட்டும் கம்பி முறுக்கியிருந்தது. ரிக்கற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு மகனுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். அவன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

எனக்கு நெஞ்சு வருத்தம் இரிக்கு, ஏறலாமா?

ஏறாதீர்கள். கழுத்து, முதுகு வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அப்படியே.

நம்மட மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கு இது எப்ப வரும்?

இந்த அளவில் வருவது நடக்காத காரியம். மேலே சொன்ன 900 தொன்னைக் கப்பலில் இறக்கி, கொழும்பிலிருந்து லோட் லோடாகக் கொண்டுவந்து, சில கிழமை ஓட்டித் திருப்பி ஏற்றும் செலவை எந்த ரிக்கற்றில் போடுவது? ஒற்றைப் பெட்டிகள் ஓடும் சின்ன இரும்புச் சவாரிகள் வேறு கதை. வெபர் மைதானத்திலோ கல்முனை சந்தாங்கேணியிலோ நிற்க இடம் காணும்.

நிலத்தைப் பற்றித்தான் மாமாவும் நானும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். கல்லடிக் கடற்கரை மணல் நேராகப் பாரம் தாங்கும். ஆனால் ஓரத்தை மழை அரித்தால் கட்டை ஒரு பக்கம் இறங்கும், தினமும் மட்டம் பார்க்க வேண்டும். மாரி மழை தொடங்கினால் தை மாதம் வரை நினைக்கவே கூடாது. மழை இல்லாத காலத்திலோ கச்சான் காற்று. குறித்த அளவுக்கு மேல் காற்று அடித்தால் சவாரியை நிறுத்தத்தான் வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் பின்னேரங்களில் கச்சான் கடலை விற்பவருக்கு மட்டும்தான் வியாபாரம் நடக்கும்.

ஏறினா முன்னுக்கு இரிக்கிறதா, பின்னுக்கா?

ரெயின் ஒரே துண்டாக ஓடுவதால் அதன் வேகத்தைத் தீர்மானிப்பது நடுப்பகுதி எங்கே இருக்கிறது என்பதுதான். மேட்டின் உச்சியை முன்பெட்டி மெதுவாகத் தாண்டும், ஏனென்றால் பின்னால் உள்ளவை இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ளவை விழத் தொடங்கிவிட்டன, அதனால் அது பிடுங்கி எறியப்படும். ஆசனத்தைவிட்டு எழும்ப வேண்டுமென்றால் பின்னுக்கு, இறக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் முன்னுக்கு.

பள்ளத்தில் அமுக்கம் கூடுவது நடுவில்: நடுப்பெட்டி அடியில் இருக்கும்போதுதான் முழு ரெயினும் ஆகக் கூடிய வேகத்தில் இருக்கிறது. நடு பாதுகாப்பு என்று நினைத்து நான் அங்கேதான் இருந்தேன். இறங்கியதும் அக்காவின் மகன் இன்னொரு தரம் ஏறுவோம் மாமா என்றான். அவன் கையில் காசைக் கொடுத்துவிட்டு, கால் நடுக்கம் தெரியாமல் சீனிப் பாதாம் விற்கும் கடைப்பக்கம் நடந்தேன்.